அம்மாயியின் எண்ணூறு ரூபாயும் எங்கள் பழைய லெப்டொப்பும்

அம்மாயி பேங்க் புத்தகத்தை எங்கள் முன்னால் விரித்து வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"மாசம் எட்டாயிரம் வட்டி வரும்னுதானே சொன்னாங்க. மொதல்ல ஏழாயிரத்து அறுநூறு போட்டாங்க. இப்ப ஏழாயிரத்து எரநூறு. மிச்சம் எங்கப்பா போகுது?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. மூன்று பேரும் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம். மூன்று பேரும் அரசறிவியலில் வரிக் கொள்கை பற்றிக் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவர்கள். ஆனால் ஒரு தோட்டத்து மனுசியின் பேங்க் புத்தகத்தில் இருந்து எண்ணூறு ரூபாய் எங்கே போகிறது என்று கேட்டால் முழிக்கிறோம்.

அம்மாயி எங்களில் ஒருத்தியின் அம்மாவைப் பெத்தவர். ஆனால் நாங்கள் எல்லாரும் அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம். வயது 69. பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து, பிறகு றப்பர் மலையில் பால் வெட்டி, அறுபது வயதில் பேர் வெட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய ஈ.பி.எப். காசு, சேவைக்காலப் பணம், தாத்தா செத்த பிறகு வந்த காசு எல்லாம் சேர்த்து பன்னிரண்டு லட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது. நூற்றுக்கு எட்டு வட்டி. வருசத்துக்கு 96,000, மாசத்துக்கு 8,000. மருந்து, கரண்ட் பில், பேரப்பிள்ளைகளின் பஸ் காசு எல்லாம் அதில்தான்.

அந்த 800 ரூபாயைத் தேடிப் போன கதைதான் இது. இடையில் லினக்ஸும் வரும். ஏன் வந்தது என்பதையும் சொல்கிறோம்.

*

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு லெப்டொப்தான். இரண்டு பேர் இரத்தினபுரி மாவட்டம், ஒருத்தி கேகாலை, தெரணியகலைப் பக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லெப்டொப். நாலு ஜிபி ரேம், ஒரு மூலையில் கண்ணாடி வெடிப்பு. அதில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11 போடப் பார்த்தோம். உங்கள் மெஷின் அதற்குத் தகுதி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. புது லெப்டொப் வாங்க எங்களிடம் காசு இல்லை. கள்ள விண்டோஸ் போட்டுத் தர ஆள் இருந்தார், ஆனால் அதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் லினக்ஸ் மின்ட் போட்டோம். ஹொஸ்டலில் ஒரு இரவு, ஒரு பென் டிரைவ், அவ்வளவுதான் செலவு. செத்துப்போன மாதிரி கிடந்த மெஷின் எழும்பி ஓடியது. தமிழில் டைப் பண்ண முடிந்தது. லிப்ரே ஆபிஸில் அசைன்மென்ட் எழுத முடிந்தது. பெருமையாக இருந்தது.

பெருமை அம்மாயியின் புத்தகத்தைப் பார்க்கும் வரைக்கும்தான். அந்த 800 ரூபாய் வரியாகப் பிடிபடுகிறது என்று கண்டுபிடித்தோம். வரி என்றால் கணக்கு, கணக்கு என்றால் சொப்ட்வெயர் என்று மூளை ஓடியது. லினக்ஸில் ஓடுகிற வரி சொப்ட்வெயர் எது என்று தேட ஆரம்பித்தோம்.

இரண்டு இரவு தேடினோம். கிடைத்தது எல்லாம் அடுத்தவன் வீட்டுச் சாவி.

அமெரிக்காவில் ஓபன் டாக்ஸ் சோல்வர் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது, லினக்ஸில் ஓடும். ஆனால் அது அமெரிக்க வரிப் படிவங்களுக்கு மட்டும். அங்கே ஆட்கள் காசு குடுத்து வாங்குகிற டர்போ டாக்ஸின் கொம்பியூட்டர் பதிப்பு விண்டோஸுக்கும் மெக்குக்கும்தான். 2024இல் அமெரிக்க அரசே டைரக்ட் பைல் என்று பிரவுசரில் ஓடும் இலவச சேவை ஒன்றை 12 மாநிலங்களில் ஆரம்பித்தது. அடுத்த வருசம் 25 மாநிலமாகக் கூடியது. அதன் மூலநிரலைக்கூட வெளியிட்டார்கள். பிறகு 2026க்கு அது இல்லை என்று மூடிவிட்டார்கள்.

இந்தியாவில் ஒரு காலத்தில் வருமான வரித் துறை ஜாவாவில் எழுதிய நிரலைத் தந்தது, அதனால் லினக்ஸ்காரர்களும் பாவித்தார்கள். 2021 ஜூனில் புது இணையத்தளம் வந்த காலத்தில் இருந்து இறக்கி வைத்து நிரப்புகிற செயலி விண்டோஸுக்கானது. பிரவுசரில் நேரடியாக நிரப்பும் வழி தனியாக இருக்கிறது.

எங்களுக்குப் பிடித்தது பிரேசில் கதை. அங்கே வருமான வரிச் செயலி ஜாவாவில் இருந்ததால் லினக்ஸில் ஓடியது. ஓடினால் போதுமே என்று நாங்கள் நினைப்போம். அங்கே உள்ள கட்டற்ற மென்பொருள் ஆட்கள் அப்படி நினைக்கவில்லை. என் சம்பளம், என் கடன், என் குடும்பம் எல்லாவற்றையும் ஒரு நிரலுக்குள் போடச் சொல்கிறாய், அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டார்கள். 2006இல் ஒரு இயக்கமே தொடங்கினார்கள். 2007இல் அந்தச் செயலிக்குக் கட்டற்ற பதிப்பு ஒன்றையும் வெளியிட்டார்கள். போர்த்துக்கேய மொழியில் வரிக்கும் 'திணிக்கப்பட்டது' என்பதற்கும் ஒரே சொல்லாம். இயக்கத்தின் பெயரையே அந்தச் சிலேடையில்தான் வைத்தார்கள். தமிழிலும் வரியை 'விதிக்கிறோம்' என்றுதானே சொல்கிறோம். விதி என்றால் சட்டம், விதி என்றால் தலையெழுத்து. அம்மாயி மாதிரி ஆட்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

சரி, இலங்கைக்கு? இலங்கை வரிக் கணக்குக்கு என்று ஒரு வட்ஸ்அப் குரூப்பில் எக்ஸல் பைல் ஒன்று கிடைத்தது. மேக்ரோ நிறைந்த பைல். லிப்ரே ஆபிஸில் திறந்தால் பட்டன் எல்லாம் செத்துக் கிடந்தது. இன்னொரு இடத்தில் இருந்து ஒரு தமிழ்ப் படிவம் வந்தது. யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் டைப் பண்ணியது. எங்கள் மெஷினில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ மந்திரம் மாதிரி இருந்தது. அம்மாயி எட்டிப் பார்த்து, "இதுதான் கவர்மெண்ட் பாஷையா?" என்று கேட்டாங்க.

*

மூன்றாம் நாள்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. சொப்ட்வெயரைத் தேடுமுன் சட்டத்தைப் படித்திருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் இருந்து வங்கி வட்டியில் நூற்றுக்கு ஐந்து வீதம் நிறுத்திவைத்தல் வரியாகக் கழிக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1இல் இருந்து அது பத்து வீதம். அம்மாயியின் புத்தகத்தில் 7,600 ஏன் 7,200 ஆனது என்பதற்கு இதுதான் பதில். யாரும் திருடவில்லை.

ஆனால் அடுத்த விசயம்தான் முக்கியம். இது முடிந்த முடிவான வரி இல்லை, முன்கூட்டியே பிடித்து வைக்கிற காசு. 2025 ஏப்ரலில் இருந்து ஒருவருடைய வருச வருமானத்தில் 18 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லை. அதற்கு முன் அந்த எல்லை 12 லட்சம். அம்மாயியின் வருச வருமானம் 96,000. அவர் ஒரு சதமும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வருமானம் எல்லைக்குக் கீழே என்று வங்கிக்கு ஒரு சுய பிரகடனப் படிவம் குடுத்தால் வட்டியில் வெட்ட மாட்டார்கள். ஏற்கெனவே வெட்டியதை வரி விவரத்திரட்டு நிரப்பித் திருப்பிக் கேட்கலாம்.

இதைப் படித்துவிட்டு நாங்களே ஒரு சின்ன அட்டவணை போட்டோம். லிப்ரே ஆபிஸ் கல்க்கில், மேக்ரோ ஒன்றும் இல்லாமல். 18 லட்சம் கழிவு. மிச்சத்தில் முதல் பத்து லட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஐந்து லட்சத்துக்கு 18, அடுத்த ஐந்துக்கு 24, அடுத்த ஐந்துக்கு 30, அதற்கு மேலே 36. ஆறு வரிசை, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு இரவு தேடிய 'வரி சொப்ட்வெயர்' ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சும்மா சில எண்களைப் போட்டுப் பார்த்தோம். மாசம் இரண்டு லட்சம் சம்பளம் எடுக்கிற ஒருவர்: வருசத்துக்கு 24 லட்சம், வரி 36,000. அதாவது மொத்த வருமானத்தில் ஒன்றரை வீதம். மாசம் இரண்டரை லட்சம் எடுக்கிற ஒருவர்: வருசத்துக்கு 30 லட்சம், வரி 96,000. மூன்று வீதத்துக்குக் கொஞ்சம் மேலே.

பிறகு அம்மாயியைப் போட்டோம். வருமானம் 96,000. அதாவது அந்த இரண்டரை லட்சக்காரர் கட்டுகிற வரிதான் அம்மாயியின் முழு வருச வருமானம். அட்டவணை அம்மாயியின் வரி பூச்சியம் என்றது. ஆனால் புத்தகத்தில் வெட்டிய காசு வருசத்துக்கு 9,600. பத்து வீதம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு ஒன்றரை வீதம், தெரியாதவருக்குப் பத்து வீதம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் அம்மாயிக்குப் பூச்சியம் என்றுதான் சொல்கிறது. அந்தப் பூச்சியத்துக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு படிவம், ஒரு இலக்கம், ஒரு போன், ஒரு மொழி. கம்பஸில் ஒரு கலந்துரையாடலில் ஒருவர், "உங்க தோட்டத்து ஆக்கள் வரி கட்டுறதில்லையே, பிறகென்ன கேள்வி கேக்குறது" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தோம். 2024 செப்டம்பரில் கூட்டியபோது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் மாசம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750. வருசத்துக்கு நாலு லட்சத்துச் சொச்சம். வருமான வரி எல்லையின் கால்வாசிக்கும் கீழே. ஆனால் சவர்க்காரத்திலும் போன் ரீலோடிலும் 2024 ஜனவரியில் இருந்து நூற்றுக்கு 18 வற் வரி இருக்கிறது. அதைக் கட்ட யாரும் படிவம் கேட்பதில்லை. அதற்கு மேலே இந்த வட்டிக் காசு. இப்போது பதில் இருக்கிறது.

*

வழி தெரிந்துவிட்டது, இனி அரை நாள் வேலை என்று நினைத்தோம். அது ஒரு மாசம் எடுத்தது.

முதலில் டின் நம்பர். வரி செலுத்துநர் அடையாள இலக்கம். 2024இல் இருந்து பதினெட்டு வயது தாண்டிய எல்லாரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து இதை எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துப் பயந்து எடுக்காமல் இருந்தார்கள். "டின் நம்பரா? டின் மீன் குடுக்கிறாங்களா?" என்று அம்மாயி சிரிச்சாங்க. பிறகு மெதுவாக, "நம்பர் எடுத்தா பின்னால வந்து கேப்பாங்களோ?" என்றும் கேட்டாங்க.

அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள எங்களால் முடியவில்லை. அம்மாயி 1956இல் பிறந்தவர். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது எட்டு வயது. அக்கம்பக்கத்து லயங்களில் யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று பேர் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினை தீர்ந்தது. அரசாங்கம் உன் பேரை எழுதுகிறது என்றால் அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத காலத்தில் வாழ்ந்தவர். நாங்கள் டின் நம்பரை விளக்கிய விதம் சரியில்லை என்று அப்போதுதான் புரிந்தது. "இது உங்ககிட்ட இருந்து எடுக்குறதுக்கு இல்ல அம்மாயி, எடுத்ததைத் திருப்பிக் கேக்குறதுக்கு" என்று சொன்ன பிறகுதான் அடையாள அட்டையை எடுத்துத் தந்தாங்க.

அடையாள அட்டையில் அடுத்த சிக்கல். அதில் ஆங்கிலத்தில் பேர் ஒரு மாதிரி, பேங்க் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். எங்கள் தோட்டங்களில் இது இல்லாத ஆளைக் காண்பதே கஷ்டம். பிறப்புப் பதிவில் ஒருத்தர் காதில் கேட்டதை எழுதுவார், செக்ரோலில் கணக்கப்பிள்ளை வேறு மாதிரி எழுதுவார், அடையாள அட்டையில் தமிழ் தெரியாத ஒருத்தர் மூன்றாவது விதமாக எழுதுவார். ஒரே மனுசிக்கு மூன்று பேர். வங்கியில் கேட்டார்கள், இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று. சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி எடுத்தோம். கிராம சேவகரிடமும் ஒரு கடிதம் எடுத்தோம்.

பிறகு முகவரி. படிவத்தில் வீட்டு இலக்கம், வீதி என்று கட்டம் இருக்கும். லயத்துக்கு எது வீதி? கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டு வந்து தந்தால் உண்டு. தோட்டத்துப் பேர், டிவிசன் பேர், லய இலக்கம் என்று எழுதினோம்.

பிறகு போன். ரகசிய இலக்கம் எல்லாம் போனுக்குத்தான் வரும். அம்மாயியின் சிம் மருமகன் பேரில் இருந்தது, அவரோ கொழும்பில் வேலை. அம்மாயி பேரிலேயே ஒரு சிம் எடுத்தோம். லயத்துக்குள் சிக்னல் இல்லை. கோயிலுக்குப் பின்னால் உள்ள கல்லில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அம்மாயியை அந்த வயதில் கல்லில் ஏற்ற முடியுமா? போனை ஒருத்தி கல்லில் வைத்துக் காவல், ஒருத்தி கீழே லெப்டொப்போடு. இலக்கம் வந்ததும் மேலே இருந்து கத்தினாள். ரகசிய இலக்கத்தை முழுத் தோட்டமும் கேட்டது.

இவ்வளவிலும் லினக்ஸ் எங்கேயும் பிரச்சினை பண்ணவில்லை. திணைக்களத்தின் சேவை பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. பயர்பொக்ஸில் திறந்தோம், போட்டோ எடுத்த அட்டையை ஏற்றினோம், அவ்வளவுதான். உன் மெஷினில் என்ன இருக்கிறது என்று அது கேட்கவே இல்லை. நாங்கள் அந்த இரண்டு இரவையும் நினைத்துச் சிரித்தோம். ஆனால் பிறகு யோசித்தால், அது சின்ன விசயம் இல்லை. நாளைக்கு யாராவது, விண்டோஸ் இருந்தால்தான் நிரப்பலாம் என்று ஒரு செயலியைக் கட்டாயமாக்கினால், எங்கள் மாதிரி நாலு ஜிபி மெஷின்காரர்கள் வெளியே. அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டுவதற்கு ஒரு கம்பனியின் பொருளை நாங்கள் காசு குடுத்து வாங்க வேண்டியிருக்கக் கூடாது. பிரேசில்காரர்கள் கேட்டது அதற்கும் ஒரு படி மேலே.

*

நேர்மையாகச் சொன்னால், இதெல்லாம் தேவையா, டவுனில் கொமினிகேஷனுக்குப் போனால் ஐந்நூறு ரூபாய்க்குச் செய்து தருவார்களே என்று நாங்களும் ஒரு நாள் போனோம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, அந்தத் தம்பி நல்ல மனசோடுதான் உதவி செய்கிறார். ஆனால் அவர் கொம்பியூட்டர் திரையில் ஒரு போல்டர் திறந்தே இருந்தது. அதற்குள்ளே வரிசையாக அடையாள அட்டைப் படங்கள், முன்பக்கமும் பின்பக்கமும். பக்கத்தில் ஒரு நோட்பேட் பைலில் பேர்களும் பாஸ்வேர்டும். அதில் எங்கள் லயத்து ஆட்களின் பேரும் இருந்தது. கள்ள விண்டோஸ், வைரஸ் எச்சரிக்கை ஒரு மூலையில் துடித்துக்கொண்டு இருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் தன் அட்டையையும் ரகசிய இலக்கத்தையும் அடுத்தவர் கையில் குடுக்கிறார். வேறு வழி இல்லை என்பதால் குடுக்கிறார். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தோம். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம். இந்த வேலையை எங்கள் மெஷினிலேயே செய்வது. செய்து முடித்ததும் அட்டைப் படத்தை அழித்துவிடுவது. பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதி அவரவர் கையிலேயே குடுப்பது. அம்மாயி தன் துண்டை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாங்க. அது எங்கள் லெப்டொப்பை விடப் பாதுகாப்பு.

*

மதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். விவரத்திரட்டுக் குடுக்கக் கடைசித் திகதி அதற்குப் பிறகு வரும் நவம்பர் 30. 2024/25க்கான கடைசி நாள் 2025 நவம்பர் 30. அந்த வருசம் வெட்டியது ஐந்து வீதம், மாசம் 400, மொத்தம் 4,800. வங்கியிடம் வரி கழித்ததற்கான சான்றிதழ் எடுத்து, நவம்பர் முதல் கிழமையிலேயே அனுப்பி முடித்தோம். அதே மாசம் நடுவில் வங்கிக்குச் சுய பிரகடனமும் குடுத்தோம்.

கடைசி நாள் வரை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. நவம்பர் 28இல் டித்வா புயல் அடித்தது. மண் சரிந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெரணியகலைப் பக்கத்து எங்கள் தோழி வீட்டாரோடு பேச முடியாமல் இரண்டு நாள் தவித்தாள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அந்த நாட்களில் வரியும் இல்லை, லினக்ஸும் இல்லை, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது மட்டும்தான். பிறகு வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு அண்ணன் நனைந்து ஒட்டிப்போன பேங்க் புத்தகத்தை அடுப்பு மேலே காய வைத்துக்கொண்டு இருந்தார். அம்மாயியின் புத்தகம் பொலித்தீன் பையில், அரிசிப் பேணிக்குள் இருந்ததால் தப்பியது.

டிசம்பரில் அம்மாயி பேங்குக்குப் போய் புத்தகத்தில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தாங்க. எங்களுக்குப் போன் வந்தது.

"ஏய், எட்டாயிரம் போட்டிருக்காங்கடி."

நாங்கள் ஹொஸ்டலில் மூன்று பேரும் எழும்பி நின்று கைதட்டினோம். பக்கத்து அறைக்காரர்கள் பரீட்சை முடிவு வந்துவிட்டதோ என்று ஓடி வந்தார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. அந்த 4,800 இதை எழுதும் வரைக்கும் வரவில்லை, காத்திருக்கிறோம். 2025 ஏப்ரலில் இருந்து நவம்பர் வரைக்கும் எட்டு மாசம் 800 வீதம் வெட்டிய 6,400 ரூபாய்க்கு 2026 நவம்பர் 30க்குள் இன்னொரு விவரத்திரட்டு அனுப்ப வேண்டும். சுய பிரகடனமும் அந்தந்த மதிப்பாண்டுக்குத்தான், ஏப்ரலில் புதுசாகக் குடுக்க வேண்டும்.

இதை வாசிக்கிற உங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தால், லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அம்மாயியோ அப்பாயியோ தாத்தாவோ, அவர்களின் பேங்க் புத்தகத்தை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். வட்டி போட்ட வரிக்குக் கீழே வெட்டின வரி இருக்கும். அது வருசத்துக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அடையாள அட்டையிலும் புத்தகத்திலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் அதில் இருந்து தொடங்குங்கள். சந்தேகம் என்றால் 1944க்கு எடுங்கள், அது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் நம்பர். சொப்ட்வெயர் ஒன்றும் தேட வேண்டாம். பழைய மெஷின் ஒன்று, ஒரு பிரவுசர், கூட்டல் கழித்தலுக்கு ஒரு அட்டவணை போதும். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

போன கிழமை வீட்டுக்குப் போனோம். அம்மாயி டீ ஊத்திக் குடுத்துவிட்டு, மேசை மேலே மூன்று பேங்க் புத்தகத்தைக் கொண்டு வந்து வைச்சாங்க. ஒன்றும் அவருடையது இல்லை.

"மேல் லயத்து ஆளுங்களோடது. நீங்க வருவீங்கன்னு சொல்லி வாங்கி வச்சேன். பேரெல்லாம் சரியா இருக்கான்னு மொதல்ல பாருங்க."

முதல் புத்தகத்தைத் திறந்தோம். பேர் பிழை.